சாரிடம் பாப்பாவைப் பற்றிச் சொன்னேன்

என் மாமாவுக்கு,

எங்கே இருந்தாலும் இதைக் கொஞ்சம் கேளுங்கள். நீங்கள் கண்மூடிய பிறகு, பெருமாநல்லூரில் உங்கள் தையல் யூனிட்டை உங்கள் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். நான் இன்னும் சாயப்பட்டறை லேபில்தான் வேலை பார்க்கிறேன். நம் பாப்பா ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

"எம்.எஸ்ஸி.யோட நிறுத்திப்போடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களே, அந்த பி.எச்டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. அதுவும் இரண்டு பேரிடம். அங்கேதான் குழம்பிப்போனேன்.

கோவையில் ஒரு பெரிய பேராசிரியர். அவரிடம் முடித்தவர்கள் எல்லோரும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். இன்னொருவர் திருச்சியில், இப்போதுதான் லேப் தொடங்கியிருக்கும் ஒரு மேடம். அவரிடம் இன்னும் ஒருவர்கூட முடிக்கவில்லை. அங்கே சேர்ந்தால் ஹாஸ்டல்தான். சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்ப வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதானே கேட்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கோவை லேபைப் பார்க்கப் போனபோது, சாரிடம் ஐந்தாம் வருடமாக ஆய்வு செய்யும் ஒரு பெண்ணோடு கேன்டீனில் டீ குடித்தேன். சார் எப்படி என்று கேட்டேன்.

"நல்லவருங்க அக்கா. திட்டுனதே இல்லீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருசம் ஆச்சுங்க. சார்கிட்ட இன்னும் சொல்லலீங்க" என்றாள்.

ஏன் என்றேன். "தெரியலீங்க. பயமா இருக்குது."

நானும்தான் பாப்பாவைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நேராக அவர் அறைக்குப் போய், கணவர் இல்லை, ஆறு வயதில் மகள் இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அத ஏம்மா எங்கிட்ட சொல்றீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை.

மாமா, அது எப்படிப்பட்ட பதில்? உன் சொந்த விஷயம் உன்னோடு, நான் வேலையை மட்டும்தான் பார்ப்பேன் என்ற நியாயமா? இல்லை, அதற்கெல்லாம் இங்கே இடமில்லை என்கிறாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் திருச்சி மேடம் போனில் பேசினார். கருவிகள் எல்லாம் இன்னும் வந்து சேரவில்லை, முதல் வருடம் சிரமப்படுவீர்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். நடுவில் பாப்பா "அம்மா, அம்மா" என்று கத்தினாள். நான் சட்டென்று போனைக் கையால் மூடினேன்.

"குழந்தை கூப்பிடுது பாருங்க. என்னன்னு கேட்டுட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார். ஒரு சாக்ஸ் காணவில்லையாம். நான் தேடிக் கொடுத்துவிட்டு வரும்வரை இருந்தார்.

பாப்பாவுக்காகக் காத்திருந்தவரிடம் சேர்ந்தால் பாப்பாவைப் பிரிய வேண்டும். அவளைப் பற்றி ஏன் சொல்கிறாய் என்றவரிடம் சேர்ந்தால் தினமும் அவள் பக்கத்தில் தூங்கலாம். இதை யாரிடம் கேட்பது?

நேற்று திருச்சிக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

"பக்கத்துல இருக்கறத உட்டுப்போட்டு அத்தன தூரம் போறியா கண்ணு?" என்றார் அத்தை.

"பயந்துக்கிட்டே படிக்க முடியாதுங்க அத்தை."

அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "போறதுன்னா போ. பாப்பாவ நான் பாத்துக்கறேன். ஆனா அவகிட்ட நீதான் சொல்லோணும்" என்றார்.

செய்தது சரியா, தெரியவில்லை. பள்ளி விட்டு வந்ததும் பாப்பாவிடம் சொல்வேன். ஏன் போகிறாய் என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். அவள் அழுதால், அழுது முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பாப்பாவின் அம்மா,
உங்கள் பூங்கொடி