பூசணிக்கு ராணியின் சேணம்

மார்ச் 4, செவ்வாய்

அக்கா போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். நான் இன்னும் எதற்கும் தேர்வாகவில்லை, கணக்குத் தேர்வு உட்பட.

எங்கள் லாயத்தில் ஒரு வழக்கம். போட்டிக்குப் போகிறவர் யாரானாலும், எந்தக் குதிரையானாலும், ராணியின் சேணத்தைத்தான் பூட்ட வேண்டும். அப்பாவுக்குக் கோப்பைகளாக வாங்கித் தந்த குதிரை ராணி. நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் சேணம் மட்டும் சுவரில் சம்பந்தி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருக்கிறது. வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல் வேறு.

அதை இன்று பூசணியின் முதுகில் ஏற்றினார்கள். பூசணி அக்காவின் குதிரை, பெயருக்கேற்ற அகலம். அப்பாவுக்குக் கண் கலங்கியது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. எப்போதும் காலை வீசிப்போட்டு நடக்கிற பூசணி, அவசரத்தில் அடுத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவள் போல இத்துனூண்டு அடியாக வைத்தது.

மார்ச் 6, வியாழன்

வயிற்றுப் பட்டையை இறுக்கினால் பூசணி காதை மடக்குகிறது. ஓடும்போது தலை வானத்தில், முதுகு பள்ளத்தில். இடப்பக்கம் திரும்பச் சொன்னால் வாலால் விசிறுகிறது. "பழகிடும்" என்கிறார் அப்பா.

மார்ச் 7, வெள்ளி

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

பூசணி அக்காவைத் தூக்கி எறிந்துவிட்டது. பூசணி! நான் அதன் தலையில் சவுரி வைத்துப் பின்னல் போட்டபோதுகூட அசையாமல் நின்ற பூசணி. இடப்பக்கம் திரும்பியது, பின்னங்காலை உதறியது, அடுத்து நான் பார்த்தது வேலியோரம் கிடந்த அக்காவை. உதடு கிழிந்து ரத்தம். முழங்கை முழுக்கத் தோல் இல்லை. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

அதைவிட இன்னொன்று. அப்பா அக்காவைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"சேணத்துக்கு அடியில என்னடி வெச்ச?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அம்மாவும் "சொல்லிடு வாலு, அடிக்க மாட்டோம்" என்கிறாள். நான் வைக்கலை. சத்தியமா வைக்கலை. குதிரை டாக்டர் தொப்பிக்குள்ள மாவு போட்டது நான்தான், குழாயைத் திருப்பி வெச்சது நான்தான், அதுக்காக சொந்த அக்காவை விழ வைப்பேனா? என்னைப் பத்தி இவங்க நினைக்கிறது இதுதானா?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மார்ச் 9, ஞாயிறு

குதிரை டாக்டர் காலைத் தட்டினார், குளம்பைத் தூக்கினார், பல்லை எண்ணினார். நோய் இல்லை என்றார். நோய் இல்லையென்றால் குணம்தான் கெட்டிருக்கிறது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். ஆளைத் தள்ளுகிற குதிரையைப் பிள்ளைகள் ஏறுகிற லாயத்தில் வைக்க முடியாதாம். தரகர் அடுத்த ஞாயிறு வருகிறார். சுமை வண்டிக்கு.

சுமை வண்டிக்கா? பூசணியையா?

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறிப்பது குதிரை இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சரி. வைக்காததற்கே திட்டு வாங்கியாயிற்று, வைத்துவிட்டாவது வாங்கலாம். நாளைக்கு அப்பா அக்காவை ஏற்றிக் கடைசியாக ஒருமுறை பூசணியை நடத்திப் பார்க்கப் போகிறார். ராணியின் சேணத்துக்கு அடிப்பக்கம் என் முகப்பவுடரை அப்பிவிடப் போகிறேன். கழற்றும்போது அக்காவின் கறுப்புச் சட்டை வெள்ளையடித்த சுவர் ஆகும்.

மார்ச் 12, புதன்

எங்கிருந்து தொடங்குவது?

அக்கா ஏறினாள், அப்பா கயிறு பிடித்து நடத்தினார். அதே இத்துனூண்டு நடை. இறங்கினாள். சேணத்தைத் தூக்கினாள். நான் தூணுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். புகை எழும்பவே இல்லை.

சேணத்துக்குக் கீழே விரித்த நீலத் துணியில், தோளுக்குப் பின்னால் பக்கத்துக்கொன்றாக இரண்டு வெள்ளைத் திட்டு. உள்ளங்கை அளவு, சுண்ணாம்பு பூசியது மாதிரி அப்பிப்போய். பின்னால் இடுப்புப் பக்கம் இன்னும் இரண்டு. நடுவில் ஒன்றுமே இல்லை. பாலம் மாதிரி அந்தரத்தில் நின்றிருக்கிறது சேணம். அவ்வளவு பாரமும் அந்த நாலு இடத்தில்.

அப்பா என்னைத் திட்ட வாயைத் திறந்தார். திறந்தவர் அந்த வெள்ளைத் திட்டுகளைக் குனிந்து பார்த்தார். துணியை விலக்கி அந்த இடத்தில் விரலால் அழுத்தினார். பூசணியின் தோல் சிலிர்த்தது, முதுகு அப்படியே கீழே இறங்கியது, திரும்பி அவர் தோளைக் கடிக்க வந்தது.

பூசணி வழக்கமாகப் போடுகிற சேணத்துக்கும் பவுடர் போட்டுப் பூட்டச் சொன்னார். நானே போட்டேன். துணியில் இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்வரை வெள்ளை சீராகப் படிந்திருந்தது. பூசணி பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தி, காலை வீசிப்போட்டு நடந்தது.

ராணி ஒல்லி. பூசணி பூசணி. இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா? போன வாரம் நானே எழுதியிருக்கிறேன், அடுத்தவள் செருப்பு என்று. எழுதிவிட்டுச் சிரித்திருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவின் காயத்துக்கு மருந்து போட்டுவிடும்போது அவள் சொன்னாள்: "எனக்கு முதல் நாளே தெரியும்டி. காலுக்குக் கீழ பூசணி தோளைச் சுருக்குறது தெரிஞ்சுது."

"ஏன் சொல்லலை?"

"அப்பா முகத்தை நீ பாக்கலை? சேணத்தைக் குத்தம் சொன்னா என்ன சொல்வாரு?"

தெரியும். 'ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.' யார் எந்தச் சாமானைக் குறை சொன்னாலும் அப்பாவுக்கு அந்த ஒரே பதில்தான்.

"என்னைத் திட்டினப்பவும் பேசாம இருந்தியே?"

அவள் அழுதாள். நான் எழுந்து வந்துவிட்டேன். மருந்தைப் பாதியில் விட்டு.

மார்ச் 16, ஞாயிறு

தரகர் வந்தார். அப்பா தேநீர் கொடுத்து, வானிலை பேசி, அனுப்பிவிட்டார். பூசணியைக் காட்டவே இல்லை.

மருந்தின் மீதிப் பாதியைப் போட்டுவிட்டேன். கொஞ்சம் எரியும்படி.

மார்ச் 22, சனி

சேணம் அழுத்திய இடத்தில் பூசணிக்கு இன்னும் வலி தீரவில்லை. அக்கா போட்டிக்குப் போகவில்லை. ராணியின் சேணம் சுவருக்கே திரும்பிவிட்டது. இன்று ஒரு புதுக் குதிரை வந்தது. அப்பா சேண அறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். கையில் புதுப் பவுடர் டப்பா, பெரியது.

"குதிரைக்குத்தான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். கொஞ்ச நேரம் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார். "கூடம் கோணலாவும் இருக்கும்போல, வாலு."

டப்பாவை முகர்ந்து பார்த்தேன். ரோஜா மணம். நான் பூசுகிற அதே பவுடர்.