பரலோகம்வரை பொறுக்கச் சொன்னவருக்கு

பள்ளி மண்டபத்தில் உம் படத்தை மாட்டியிருக்கிறார்கள். புதுப் படச்சட்டத்தின் வார்னிஷ் வாடையும் சம்பங்கி மாலையின் மணமும் கலந்து வந்து என்னை வாசலிலேயே நிறுத்தின. படத்தின் கீழே 'மனித உரிமைக் காவலர்' என்று பொறித்திருக்கிறார்கள். உம்மைப் புகழ்ந்து நான் பேச வேண்டுமாம். மறுத்துவிட்டு வீடு திரும்பினேன். அவர்களிடம் சொல்லாததை உமக்கு எழுதுகிறேன்.

அந்தப் பள்ளியில் நாம் இருவரும் தமிழ் கற்பித்தோம். ஒரே வேதக்கோயிலில் முழங்காலிட்டோம். கோயில் நிர்வாகமும் உம் கையில் இருந்தது. ஒரு மனித உரிமை நாளன்று அந்த மண்டபத்தில் நீர் ஆற்றிய உரையை நான் மறக்கவில்லை. கடவுள் தம் சாயலில் மனிதனைப் படைத்தார். எவனைத் தாழ்த்தினாலும் இழிவு அந்தச் சாயலுக்கே என்றீர். பழஞ்செய்யுள்களை இழைத்து இழைத்துப் பேசினீர். நானும் கைதட்டினேன்.

அன்று பகலில் கீழத்தெரு ஞானம்மாள் இறந்துபோனாள். மேகமலை ஏலத்தோட்டங்களில் முதுகு வளைய உழைத்தவள். நம் கோயில் கோபுரத்துக்குக் கல் சுமந்தவள். அவள் மகள் மரியபுஷ்பம் உம் வீட்டுக்கு வந்து தூம்பாவைக் கேட்டாள். சவப்பெட்டியை வைத்துத் தள்ளிச் செல்லும் அந்த வண்டி கோயிலுக்குச் சொந்தமானது. ஆயினும் அது கீழத்தெருவுக்குள் நுழைந்ததில்லை. கீழத்தெருப் பிணம் சப்பரம் வரும் பெரிய தெருவில் சென்றதுமில்லை. தூம்பா நிற்கும் கொட்டகையின் சாவி உம் இடுப்பில் இருந்தது.

நீர் அதட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. பெட்டியும் மாலையும் உம் செலவில் வாங்கித் தருவதாக இதமாகச் சொன்னீர். வாய்க்கால் கரை வழியாகக் கொண்டுபோங்கள் என்றீர். அவள் வாசற்படியில் நின்றபடியே சொன்னாள்.

"நீங்க குடுக்குறத வாங்க வரல சார். எங்களுக்கும் உள்ளதக் கேக்க வந்தேன்."

நீர் கதவைச் சாத்தினீர். இரக்கம் கொடுப்பவனுடையது, அவன் கொடாமலும் இருக்கலாம். உரிமையோ உரியவருடையது, அதைப் பூட்டி வைப்பவன் கள்வன். இந்த வேறுபாடு தெரியாதவரா நீர்?

மழையில் கரை சேறாகிக் கிடந்தது. சுமந்தவர்கள் கால் வழுக்க, பெட்டி சரிந்தது. மரியபுஷ்பம் வாய்க்காலுக்குள் குதித்து, மார்பளவு நீரில் நின்று தாயைத் தாங்கினாள். பின்னால் நடந்துவந்த நான் அதைக் கண்டேன். ஈர வேட்டியோடு நேரே உம்மிடம் வந்து, தூம்பாவை ஏன் மறுத்தீர் என்று கேட்டேன். வேதம் படித்த அளவுக்கு எனக்கு விவரம் பத்தவில்லை என்று கேலி பேசினீர்.

"மாப்ள, பெரியவுக வச்சுட்டுப் போன மொறைய நாம மாத்த முடியுமா? பரலோகத்துல எல்லாரும் சமமாத்தான் இருக்கப் போறாக. அதுக்குள்ள என்ன அவசரம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தீர். இறைவன் மண்ணில் வகுத்த நீதியை விண்ணுக்குத் தள்ளிவைக்க உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அன்றோடு உம் வீட்டுப் படியை மிதிப்பதை விட்டேன். உம் அடக்கத்துக்கு மட்டும் வந்தேன். தூம்பா பெரிய தெருவில் அலுங்காமல் சென்றது.

சாவி இப்போது உம் மகனிடம். வழக்கமும் அப்படியே. மரியபுஷ்பம் கலெக்டரிடம் மனுக் கொடுத்திருக்கிறாள். நாளை தேனியில் விசாரணை. அவள் தரப்புச் சாட்சி நான். அதை அறிந்து உம் மகன் நேற்று வந்தான்.

"செத்தவுகளப் பத்தி அங்கன போயிப் பேசலாமா மாமா?"

"ஞானம்மாளும் செத்தவுகதானப்பா" என்றேன். எழுந்து போய்விட்டான்.

கோபத்தை இறக்கி வைக்கும்படி பங்குத்தந்தை சொல்கிறார். வேறு எதைச் சொன்னாலும் கேட்பேன். இதை இறக்கி வைக்க மாட்டேன். காலைப் பேருந்தில் தேனிக்குக் கொண்டுபோகிறேன்.