ஆர்டித்தின் மேசையில் போட்ட கையெழுத்து

அன்புள்ள ட்வைட்டுக்கு,

போன செவ்வாய்க்கிழமை நடந்த கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் உன் அம்மா தோற்றுப்போனாள், அதுவும் எதிராளி அடித்து அல்ல, தன் காலைத் தானே இடறிக்கொண்டு. மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். உன் அக்கா பெவர்லிக்கு மசக்கை தீர்ந்து இப்போது என் வீட்டு அலமாரியைக் காலி செய்துகொண்டிருக்கிறாள், நாய்க்குக் காதுப் புண் ஆறிவிட்டது. புசான் கப்பல் பட்டறையில் நீயும் சுகமாக இருப்பாய், ஈரக் காலுறையோடு கப்பல் அடித்தட்டில் நிற்கமாட்டாய் என்று நம்பிக்கொள்கிறேன், நம்புவதற்குக் காசா கேட்கிறார்கள்.

நீ எந்தக் கட்சி அம்மா என்று சின்ன வயதில் கேட்பாய், மாட்டுத் தீவனம் விற்கிறவள், நான் தீவனக் கட்சி என்பேன். அப்படிப்பட்டவள் ஏன் கட்சித் தேர்தலில் போய் நின்றேன் என்று ஊரே கேட்டது, நீயும் கேட்டிருந்தாய். போன தடவை சுயேச்சையாக நின்றேனே, ஆற்றுப் பாலத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொன்ன நானும் கட்சிக்காரர் வெண்டல் பிராக்ட்டரும் ஆளுக்குப் பாதியாக ஓட்டைப் பிரித்துக்கொண்டோம், பாலத்துக்கு இப்ப என்ன அவசரம் என்று சொன்ன மூன்றாவது ஆள் நோகாமல் ஜெயித்துச் சட்டசபைக்குப் போய்விட்டான். இப்போது அந்தப் பாலத்தில் கனரக வண்டி போகக்கூடாது என்று பலகை நட்டுவிட்டார்கள். என் தீவன லாரி மலையைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு கடைக்கு நகர்கிறார்கள், லயனல் கானியோன் மட்டும் தன் சின்ன வண்டியில் பாதிப் பாதியாக ஏற்றிப்போகிறான், அதுவும் என் முகத்துக்காக. பாலம் போனால் கடை போகும், லாரியின் பின்கதவைத் திறந்துவைத்து நான் ஆரம்பித்த கடை. அதனால் ஒரு வியாபாரிக் கணக்குப் போட்டேன். ஒரே தெருவில் ஒரே சரக்கை இரண்டு பேர் விற்றால் மூன்றாமவனுக்குத்தான் லாபம், ஆகவே வெண்டலுடைய கட்சிக்குள்ளேயே போய் அவரோடு மோதி முடித்துவிடலாம், தோற்றவர் நவம்பர் பொதுத் தேர்தலில் ஒதுங்கிக்கொள்ளலாம். வசந்தத்திலேயே கட்சியில் பெயர் பதிந்தேன். (கட்சியின் பெயரை எழுத இன்னும் கை வரவில்லை, நீயே புரிந்துகொள்.) தோற்றவர் ஒதுங்குவது என்று எல்லோர் முன்னாலும் வெண்டலிடம் கைகொடுத்தேன்.

வெண்டலுக்கு இது பிடிக்கவில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது. கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு சட்டி சமைத்துக் கொண்டுவரும் சனிக்கிழமை பீன்ஸ் விருந்தில் என் தட்டைப் பார்த்துக்கொண்டே, "விருந்துக்கு வர்றவங்க கையில ஒரு சட்டியாவது இருக்கும், வெர்னா. நீ வெறுங்கையோட வந்து தலைமை நாற்காலியைக் கேக்கறே" என்றார். நான் விடுவேனா, இந்தக் காகிதத் தட்டு எல்லாம் என் கடையிலேருந்து அசல் விலைக்கு வந்தது, அதுவே என் சட்டி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா இந்த மண்டபத்துல நாற்காலி மடிச்சு வைக்கறேன். வர்றதுன்னா வா, வேண்டாங்கலை. வந்தா இரு, அவ்வளவுதான்" என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி என் பெருமையைக் கேள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், எந்தக் கட்சியிலும் இல்லாதவன் அன்றைக்கு ஒரு கட்சியின் வாக்குச்சீட்டை வாங்கினால் அந்தக் கட்சிக்காரன் ஆகிவிடுவான், ஓட்டுப் போட்டுவிட்டு வாசலோரம் வாக்காளர் பட்டியலோடு ஆர்டித் உட்கார்ந்திருக்கும் மேசையில் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டால் மறுபடி கட்சியில்லாதவன். ஒவ்வொரு தேர்தலிலும் அந்த மேசையில் முதல் ஆளாக நிற்பவள் நான்தானே. செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு நானே ஓட்டுப் போட்டேன், நல்ல மனுஷிக்குப் போட்டோம் என்ற திருப்தியோடு திரும்பினேன், கால் அதுபாட்டுக்கு ஆர்டித்தின் மேசைக்குப் போய்விட்டது. சீட்டை இழுத்துக் கையெழுத்தைப் போட ஆரம்பித்தேன். ஆர்டித் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "நெசமாத்தானா, வெர்னா?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, இந்தப் பேனா எழுதலை, வேற குடு என்றேன். கொடுத்தாள். போட்டேன். பின்னால் நின்ற லயனல்தான், "ஏம்மா முதலாளி, இப்ப நீ ஜெயிச்சா எந்தக் கட்சி ஆளா நிப்பே?" என்று கேட்டான். மண்டபமே குலுங்கிவிட்டது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று, வேட்பாளரம்மா சாப்பாட்டுக்கு முன்னாலேயே கட்சியை விட்டுப் போயிட்டா என்று. எனக்குப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கட்சிக்காரர்கள் சாயங்காலம் வந்து வெண்டலுக்குப் போட்டார்கள். ஓட்டு வித்தியாசத்தை ஒரு பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றிவிடலாம்.

மறுநாளே லயனல் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான், நவம்பரில் வாக்குச்சீட்டில் உன் பெயர் அச்சாகாவிட்டால் என்ன, நாங்களே கையால் எழுதிப் போடுகிறோம், அதுவும் செல்லும் என்றான். நான் தோற்றால் நீயும் அப்படியே செய்வதாகப் போன கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். பொய் சொல்லமாட்டேன், ஒருநாள் முழுக்க அந்த யோசனை எனக்கு இனித்தது. பிறகு கடையில் எடைமேடைக்கு மேலே நானே எழுதி ஒட்டியிருப்பது கண்ணில் பட்டது, பிரித்த மூட்டை திரும்ப எடுக்கப்படாது. எத்தனை பேரை அதைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சுயேச்சை கட்சித் தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டால் இன்றைக்கும் நிற்கலாம் என்றுதான் சொல்வேன், அந்தத் தேர்தலை நடத்துவது எல்லோருடைய வரிப்பணம். ஆனால் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது. ஜெயித்தால் என் சந்தை, தோற்றால் நான் இந்தப் பக்கம் வரவேயில்லை என்று சொல்வது வியாபாரமே இல்லை. தவிர, நாங்கள் மறுபடி ஓட்டைப் பிரித்தால் அதே மூன்றாவது ஆள், அதே பாலம்.

ஆகவே நேற்று வெண்டல் வீட்டுக்குப் போனேன், விறகு அடுக்கிக்கொண்டிருந்தார், நானும் கூட நின்று அடுக்கிக்கொண்டே பேரம் பேசினேன். என்ன முடிந்தது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், முன்னாலேயே எழுதினால் புத்திமதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய்.

வெல்டிங் செய்யும்போது கண்ணாடியை நெற்றியில் மாட்டாதே, கண்ணில் மாட்டு. அந்தக் கொரியப் பெண்ணைப் பற்றி நாலு கடிதமாக அவள் நன்றாகச் சமைப்பாள் என்று மட்டும் எழுதுகிறாய், பெயரையும் எழுது. சம்பளத்தில் கொஞ்சமாவது மிச்சம் பிடி. எடுத்த வேலை கைகூடி, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் நீ வீடு வந்து சேர வேண்டும், கடவுள் துணையிருப்பார். இந்த மாதக் கடைசியில் உனக்கு நவம்பர் வாக்குச்சீட்டு தபாலில் வரும். பிரித்த அன்றைக்கே நிரப்பி அனுப்பு, வெண்டல் பெயருக்கு நேரே குறி போடு. என் பெயரை எங்கேயும் எழுதாதே, அம்மா மேல் ஆணை.

பேசி முடித்தது இது. என் பெயரை யாரும் எழுதாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கடை வாசலில் முதல் தடவையாக ஒரு கட்சிக்காரரின் பலகை நிற்கும், வெண்டலுடையது. அவர் ஜெயித்துப் போனால் முதலில் கொண்டுபோகும் மசோதா பாலம். ஆர்டித்தின் சீட்டு அப்படியே இருக்கலாம், நான் கட்சியில் சேர வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு பீன்ஸ் விருந்துக்கும் ஒரு சட்டி, கடையில் வாங்கியது செல்லாது, நானே சமைத்தது. கடைசி நாற்காலியை மடித்து வைக்கும்வரை வீட்டுக்குப் போகவும் கூடாது.

உன் அம்மா,
வெர்னா