மூச்சை உள்ளே இழுத்துச் சொன்ன ஆமாம்

ஏப்ரல் 9
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் பின்கதவு குளிரில் மறுபடி உறைந்துபோனது. "டோர்கெல், பஸ்ஸுக்கும் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றது கடைசி இருக்கைக் கூட்டம். என் கழுத்துக் கட்டி ஊருக்கே தெரியும். மதியம் அதற்காகத்தான் நகரத்து மருத்துவமனைக்குப் போனேன்.

மருத்துவர் சிசெலா தெற்கே மால்மோவிலிருந்து வந்தவர். கெட்ட கட்டி இல்லையாம். படம் வரைந்து, பிளாஸ்டிக் தொண்டை ஒன்றைக் கழற்றிக் காட்டி, அரை மணி நேரம் பேசினார். நானும் இந்த வடக்குப் பக்கத்து வழக்கப்படி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உதட்டைக் குவித்து 'ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். "இங்க வந்த புதுசுல எல்லாருக்கும் மூச்சுத்திணறல்னு பயந்துட்டேன். அதுதான் உங்க ஊர் 'ஆமாம்'னு நர்ஸ் சொன்னாங்க" என்று சிரித்தார்.

குரல் பற்றியும் ஏதோ சொன்னார். நூறில் ஒருவருக்குப் போகலாமாம். "போனா என் பொண்டாட்டி உங்களுக்குக் கேக் செஞ்சு அனுப்புவா" என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வேற ஏதாவது கேக்கணுமா?" கேட்க ஒன்றுமில்லை. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், கேட்டால் அவர்களுக்குத்தான் நேரமாகும். அறுவைக்கு மே 14 என்று தேதி குறித்தார்.

ஏப்ரல் 10
"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள் என் மனைவி ஊல்லா.
"நல்லா சொன்னாங்க."
"அதான், என்ன?"
யோசித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் தொண்டை நீல நிறம். அது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

மே 13
நாளைக்கு. ஜூன் முதல் புதன் கார் பிங்கோ தொடங்குகிறது. கால்பந்துத் திடலில் முந்நூறு கார், கார் வானொலியில் என் குரல்; சொன்ன எண்களால் சீட்டு நிறைந்தவர் ஹாரன் அடிப்பார். பதினெட்டு வருடமாக எண் சொல்கிறவன் நான்தான். நான் வேறு எதிலும் கெட்டிக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. "அதுக்குள்ள சரியாயிடுமாப்பா? நீ இல்லாட்டி அந்த மொக்க ஜோக்கெல்லாம் யாரு சொல்றது?" என்றாள் மகள் டூவா. மூன்று வாரத்தில் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் என்று எனக்கு யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை போலிருக்கிறது.

மே 15
பேச வரவில்லை. காற்றுதான் வருகிறது.

மே 16
சிசெலா வந்தார். நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். இடது பக்கக் குரல்நாண் அசையவில்லை. "இதைப் பத்தி அன்னிக்குப் பேசினோமே, ஞாபகம் இருக்கா?" அவர் முகம் வெளுத்திருந்தது. பாவமாக இருந்தது. ஞாபகம் இருப்பதுபோல 'ஷுப்' என்றேன்.

ஜூன் 5
டூவா எண் சொன்னாள். நான் காரில் போர்வையோடு. இடையில் என் பழைய ஜோக் ஒன்றையும் சொல்லிப் பார்த்தாள். வானொலியில் அமைதி. பாவப்பட்டு யாரோ ஹாரன் அடித்தார். அடுத்த காரும் அடித்தது. பிறகு முந்நூறு காரும். நிஜமாகவே பிங்கோ அடித்தது யாரென்று தெரியாமல் பிள்ளை திணறிப்போனாள். ஊல்லா எனக்குக் காப்பி ஊற்றினாள், தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஜூன் 19
என் மருத்துவக் குறிப்பை டூவா கணினியில் திறந்துகொடுத்தாள். ஏப்ரல் 9:

'குரல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என விளக்கப்பட்டது. அறுவை செய்யாமல் கண்காணித்து வரலாம் என்பதும் கூறப்பட்டது. நோயாளி புரிந்துகொண்டு அறுவையைத் தேர்ந்தெடுத்தார். கேள்விகள் இல்லை. நல்ல மனநிலை.'

செய்யாமயே இருந்திருக்கலாமா? எப்ப சொன்னாங்க? நான் எங்க இருந்தேன்? அந்த நீலத் தொண்டையப் பாத்துக்கிட்டு... முட்டாள்.

"புகார் குடுப்பா" என்றாள் டூவா. எதைச் சொல்லி? கையெழுத்து வாங்கவில்லை என்றா? இங்கே யாரிடமும் வாங்குவதில்லை, வாய்ச்சொல் போதும். வாங்கியிருந்தாலும் படிக்காமல்தான் போட்டிருப்பேன். அவர் எல்லாம் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் மூச்சை இழுத்தேன். எதிரே பேசுகிறவர் தனியாகப் பேசுவதுபோல ஆகிவிடக் கூடாதே என்று இழுக்கிற மூச்சு. என் அப்பாவும் அப்படித்தான். யோசித்துச் சொன்ன பதில் என்று அதை யாரும் எழுதிவைத்ததில்லை, இதுவரை.

ஆகஸ்ட் 21
பள்ளி திறந்தாயிற்று. பேருந்தின் பின்னால் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். கத்த முடியாமல் ஹாரன் அடித்தேன். சாலையில் நின்ற கலைமான் விலகியது. அவர்கள் விலகவில்லை.

நவம்பர் 11
பேச்சுப் பயிற்சி. ஸ்ட்ராவால் தண்ணீரில் ஊதுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் குமிழி விடுவதற்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்வருகிறேன்.

மே 20
ஒரு வருடம் ஆகிவிட்டது. சிசெலா தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். பேச ஆரம்பித்தார். முதல் வாக்கியம் முடிந்ததுமே என் உதடு குவிந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன். துண்டுத்தாளில் எழுதி நீட்டினேன்: புரியல. திரும்பச் சொல்லுங்க.

வாழ்க்கையில் முதல்முறை. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள்.

பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு மறுபடி சொன்னார். அதே தாளைக் காட்டினேன். மூன்றாவது தடவை அந்தப் பெரிய வார்த்தைகள் எதுவும் இல்லை.

"டோர்கெல், அந்த நரம்பு இனிமே வேலை செய்யாது. பழைய குரல் வராது. ஒரு ஊசி இருக்கு. போட்டா பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் தெளிவாக் கேக்கும். எண் சொல்ற அளவுக்கு வராது. போடாமலும் இருக்கலாம்." தன் பேனாவை என்னிடம் நீட்டினார். "நான் சொன்னத இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க. அன்னிக்கே கேட்டிருக்கணும்."

எழுதினேன்: பிங்கோ இனிமே டூவாவுக்கு.

தாளை வாங்கிப் படித்தார். "புரிஞ்சுதா?"

புரிந்தது. உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தேன். அதற்குக் குரல் வேண்டியதில்லை.