தாழ்மை இல்லாத மனு

ஜூன் 6, 1955

எழுந்ததும் முதல் காரியமாக மேற்கு ஜன்னலைத் திறந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. ஓடைக்கு அந்தப் பக்க மேட்டில், இன்னும் சரியாக விடியாத நேரத்தில், எங்கள் வீட்டு ஏர் இரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பண்ணையாள் முனிசாமி மாடுகளை அதட்டும் சத்தமே இல்லை. அண்ணன் குடையோடு வரப்பில் நின்றிருந்தார். உழவு இவ்வளவு அவசரமாக, இவ்வளவு ஓசையில்லாமல் நடந்து நான் பார்த்ததில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாம் பாரத்துப் பிள்ளைகளுக்கு அட்ஜெக்டிவ், அட்வெர்ப் ஆரம்பித்தேன். கங்கப்பன் எழுந்து, "தி புல்லக் இஸ் ஸ்லோலி" என்றான்.

"மாடு எப்படிப்பட்டது என்று கேட்டால் ஸ்லோ. எப்படி நடக்கிறது என்று கேட்டால் ஸ்லோலி. முதலில் கேள்வியைக் கேட்டுக்கொள். பிறகு வார்த்தையைத் தேடு."

"எங்க மாட்ட எந்தக் கேள்வி கேட்டாலும் நின்னுக்குது டீச்சர்."

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

ஜூன் 7

மழை. 'ஹார்ட்', 'ஹார்ட்லி' இரண்டும் ஒன்றென்று நினைக்கிற ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள். நாளைக்கும் இதே பாடம்தான்.

ஜூன் 9

மத்தியான இடைவேளையில் வெங்கடம்மா பள்ளிக்கூட வேலியோரம் வந்து நின்றாள். எங்கள் வயலுக்குக் களையெடுக்க வருகிறவள். கெலமங்கலத்துக்குக் கிழக்கே, ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் குடிசைகளில் ஒன்று அவளுடையது. மடியிலிருந்து ஒரு மனுவை எடுத்து நீட்டினாள். ஓசூர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற நாராயணப்பன் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது.

"என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க டீச்சரம்மா. ஜமாபந்தியில நெலக் கணக்குப் பாக்க ஆபீசரு வர்றாரு. அவரு கையிலயே குடுக்கோணும்."

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மகா ஏழையும், எழுத்தறிவில்லாதவளும், ஆதரவற்றவளும், அற்பமானவளுமாகிய மனுதாரி, பெருங்கருணை பொருந்திய துரையவர்கள் பாதங்களில் மிகத் தாழ்மையாகவும், பணிவாகவும், கண்ணீரோடும்...

"ஆதரவத்தவளா? கல்லுக்குண்டாட்டம் ரெண்டு மகனுங்க இருக்கறாங்க எனக்கு! யாரு அழுதா? நானா அழுதேன்?" கோபம் ஏறியதும் தெலுங்குக்குப் போய்விட்டாள். அந்தத் தெலுங்கு நாராயணப்பன் காதில் விழாதது நல்லது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "செரி, நெலத்தப் பத்தி?" என்றாள்.

நிலத்தைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி. 'சிலரால் தொந்தரவு ஏற்பட்டுள்ளது.'

"சிலரா? நான் பேரச் சொன்னேனே."

"யார் பேர்?"

தரையைப் பார்த்தாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். "உங்க அண்ணன் பேருதான்."

ஓடைக்கு அந்தப் பக்க மேடு அவள் புருஷன் கல் பொறுக்கித் திருத்தியது. சர்க்கார் அவன் பேருக்கே எழுதிக் கொடுத்தது. அவன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. எல்லைக்கல்லைப் பிடுங்கி ஓடையில் தள்ளிவிட்டு உழுதிருக்கிறார்கள். திங்கட்கிழமை விடியற்காலையில்.

நான் ஜன்னலில் நின்ற திங்கட்கிழமை.

"என்கிட்ட ஏன் வந்தே?" என்றேன்.

"இந்த ஊர்ல இங்கிலீசு படிச்சவங்க நாலு பேரு. மத்த மூணு பேரும் உங்க அண்ணன்கூட உக்காந்து வெத்தல போடறவங்க."

நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூன் 10

மனுவை ராத்திரி மறுபடி படித்தது இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. அவளைச் சிறுமைப்படுத்த வரிசையாக அட்ஜெக்டிவ். நிலத்துக்கு ஒன்றும் கிடையாது — பெரியதா, சிறியதா, மேடா, பள்ளமா? கெஞ்சுவதற்கு அட்வெர்ப் குவிந்து கிடக்கிறது. உழுததற்கு? எல்லைக்கல்லைப் பிடுங்கியதற்கு? ஒன்றுகூட இல்லை. ஒரு பையன் இப்படிக் கட்டுரை எழுதியிருந்தால் தாள் முழுக்கச் சிவப்பு மையாகியிருக்கும்.

ஜூன் 11

சனிக்கிழமை. ஓசூர் போனேன். நாராயணப்பன் புளியமரத்தடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்க அண்ணன் கோவிந்தப்பன் பேர எழுதிட்டு நான் இந்த மரத்தடியில உக்கார முடியுமாம்மா? நீங்களே சொல்லுங்க."

"பேர் போகட்டும். இந்தத் தாழ்மையெல்லாம் எதற்கு?"

"'மோஸ்ட் ஹம்ப்ளி' இல்லாத மனு, நெத்தியில பொட்டு இல்லாத..." என்று ஆரம்பித்தவர் என் நெற்றியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இல்லாமலேதான் இத்தனை வருஷம் இருக்கிறேன். ஒன்றும் ஆகிவிடவில்லை" என்றேன். ஒரு முழுத்தாள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 12

களி போட்டுக்கொண்டிருந்தாள் அண்ணி மங்கம்மா. அண்ணனிடம் கேட்டே விட்டேன்.

"அது நம்ம மாடு மேஞ்ச எடம், சாந்தா. அப்பன் காலத்துலருந்து. எவனோ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாப்ல ஆயிடுமா?"

"எல்லைக்கல் ஓடையில கெடக்குது. நீங்க உழுதத ஜன்னல்ல இருந்து பாத்தேண்ணா."

"பாத்தியா? பாத்துட்டு ஜன்னலச் சாத்திக்க."

அண்ணி, "ஆம்பளைங்க வெவகாரம், நமக்கெதுக்கு" என்று குழம்பை ஊற்றினாள். நான் விடவில்லை. அவருக்கும் குரல் ஏறியது. "தாலியறுத்து வந்தவள யாரு வெச்சுக் காப்பாத்துனா?"

படிக்க வைத்தது அப்பா. சம்பளம் வாங்குவது நான். இருந்தாலும் அந்த வார்த்தை — களித் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். என்னா பேச்சு பேசறாரு! எங்கூடப் பொறந்தவர்தானா இவரு?

ஜூன் 14

புது மனுவை இங்கிலீஷில் எழுதி முடித்தேன். ஒரு பக்கம்தான். கல் பொறுக்கிய, ராகி விளைந்த, மூன்று பக்கமும் கற்றாழை வேலி இருந்த மேட்டு நிலம். கோவிந்தப்பன் ஆட்கள் விடியுமுன் ரகசியமாக உழுதார்கள். எல்லைக்கல்லை வேண்டுமென்றே பிடுங்கினார்கள். முழுப்பெயரோடு.

வெங்கடம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"கெஞ்சவேயில்லையே டீச்சரம்மா."

"இல்லை."

"பயமாருக்குது. கெஞ்சாம எப்டிக் கேக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. நெஞ்சை நிமிர்த்தி எழுதுவது எனக்குச் சுலபம். ஆபீசர் முன்னால் நிற்கப்போவது அவள். உனக்கு எது வேண்டுமோ சொல், போடுகிறேன் என்றேன்.

யோசித்தாள். "மருவாதியாக் கேக்கறேன்னு ஒண்ணு வெய்யுங்க. மருவாதி குடுக்கலாம். கால்ல வுழ வேணாம்."

'ரெஸ்பெக்ட்ஃபுல்லி' என்று ஒரே ஒரு அட்வெர்ப் சேர்த்தேன். அந்த இடத்தில் அது சரியாகவே உட்கார்ந்தது.

ஜூன் 16

மனுவில் சாட்சி என்ற இடம் காலியாக இருக்கிறது. அவளுடைய ஆட்கள் எல்லோரும் எங்கள் வயலில் கூலிக்கு வருகிறவர்கள், யார் போடுவார்கள்? முனிசாமியை மாட்டுக்கொட்டகையில் பிடித்துக் கேட்டேன். "ஏரோட்டற எடத்துல மாட்டுக்கும் வாயில்ல, எனக்கும் வாயில்ல டீச்சரம்மா" என்று சாணியை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

ஜூன் 17

அண்ணன் பேசுவதில்லை. மேட்டில் ராகி விதைத்துவிட்டார்கள்.

ஜூன் 20

வகுப்பில் பரீட்சை வைத்தேன். 'ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தபடி எழுதுக.' கங்கப்பன் எழுதியிருந்தான்: எங்கள் கிழட்டு மாடு சேற்றில் மெதுவாக விழுந்தது, வேகமாக எழுந்தது. அட்ஜெக்டிவ் சரி, அட்வெர்ப் இரண்டும் சரி. முழு மார்க் போட்டேன். பார்த்தவன் எழுதினால் வார்த்தை தானாக இடத்தில் போய் உட்காருகிறது.

நாளைக்கு ஜமாபந்தி. வெங்கடம்மா மூத்த மகனோடு முதல் பஸ்ஸில் ஓசூர் போகிறாள். சாயங்காலம் மனுவை வாங்கிக்கொள்ள வந்தவளிடம், "ஒரு திருத்தம் பாக்கி இருக்குது. காலையில பஸ்ஸாண்ட வந்து வாங்கிக்க" என்று அனுப்பிவிட்டேன். சாட்சி இல்லாமல் கேட்பார்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே உளறியிருப்பேன்.

பெட்டியில் நான்கு சேலை, கண்ணாடிக்கூடு, அப்பா வாங்கித் தந்த பேனா. தலைமையாசிரியருக்கு லீவுச் சீட்டு எழுதி வைத்தாயிற்று. அண்ணி வாசலில் எட்டிப் பார்த்து, "என்ன, பெட்டியெல்லாம் வெளிய எடுத்திருக்கே?" என்றாள். "பூச்சி" என்றேன். திரும்பி வந்தால் கதவு திறப்பார்களா? தெரியவில்லை. திறக்காவிட்டால் ஓசூரில் ஓர் அறை கிடைக்காமலா போகும்?

இப்போது சாட்சி என்ற இடத்தில் எழுதினேன். 'சாந்தம்மா. மேற்படி கோவிந்தப்பனின் தங்கை. என் வீட்டு ஜன்னலிலிருந்து தெளிவாகப் பார்த்தேன்.' என் பெயருக்கு முன்னால் போட ஏதாவது அட்ஜெக்டிவ் வேண்டுமா என்று பேனாவை நிறுத்தி யோசித்தேன். ஒன்றும் வேண்டாம்.

மேற்கு ஜன்னல் திறந்துதான் கிடக்கிறது. சாரல் உள்ளே அடிக்கிறது. அடிக்கட்டும்.

முதல் பஸ்ஸில் வெங்கடம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறேன். அவளுக்கே இன்னும் தெரியாது.