அடுத்த வார்த்தை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன ஹீரோ சார், ஷூட்டிங் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள், அவருக்கும் உள்ளுக்குள் குஷிதான். சொட்டு மருந்து விட நான் கொஞ்சம் தாமதித்தால் மட்டும் வீடு ரெண்டுபடுகிறது. உன் சித்தி வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போனாள், உன் அறை ஃபேன் போடுகிற சத்தத்தில் தூக்கமே வரவில்லை என்று என்னைப் படுத்தி எடுத்துவிட்டாள், அதையும் ஆள் வைத்துச் சரி பண்ணியாயிற்று.

போனில் என் குரல் ஒரு மாதிரி இருக்கிறது, என்னமோ மறைக்கிறாய் என்று நீ கேட்டாய். மறைக்கவில்லை, போனில் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். ரிட்டையர் ஆன பிறகும் எதற்கு இந்தச் சாயங்கால வகுப்பு, விட்டுவிட்டு எங்களோடு வந்து இரு என்று நீ சொல்லும்போதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தடிக்கிறேன், அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வகுப்பை நீ பார்த்ததில்லை. டயர் கடைக்கு மேல் ஒரே ஒரு நீளமான அறை, கீழே காற்று பிடிக்கும்போது மேலே தரை அதிரும், ரப்பர் வாசனை புடவையில் ஏறிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். வருகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், சிலர் வாசலையே மிதிக்காதவர்கள். மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்து டெஸ்கில் தலை வைத்தால் அப்படியே தூங்கிப்போவார்கள், எழுப்ப மனசு வராது. வேலை அதிகமுள்ள மாதத்தில் பாதிப்பேர் காணாமல் போய்விடுவார்கள், திரும்பி வரும்போது சொல்லிக்கொடுத்ததெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், மறுபடி முதலிலிருந்து. எரிச்சல் வரும்தான். ஆனால் வீட்டு வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு வருகிறாள், போன மாதம் மருந்து பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். டீச்சர், இதுல சாப்பாட்டுக்கு அப்புறம்னு போட்டிருக்கு, நான் இத்தனை நாளா முன்னாடியே குடுத்திட்டிருந்தேன், இன்னைக்கு நானே படிச்சேன் என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நான் பேசிய பேச்சைப் பார்த்து, என்ன லாட்டரி கீட்டரி விழுந்துச்சா என்று கேட்டார்.

இந்த வகுப்பில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். இருவருக்கும் பதினேழு பதினெட்டு வயதிருக்கும், மார்க்கெட்டில் ஒன்றாகவே மூட்டை தூக்குகிறவர்கள். ஒருத்தன் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், எல்லோரும் வைத்த பேர் ஒட்டடைக்கம்பு, கூப்பிடுவது கம்பு. இன்னொருத்தன் அவன் தோளுக்குக் கூட வரமாட்டான், வாய் மட்டும் ஓயாது, அதனால் ரேடியோ. டயர் கடைக்காரர் இதுக்கு மட்டும் ஸ்விட்சே வைக்க மறந்துட்டாங்க என்பார். இரண்டு பேரும் கடைசி பெஞ்சில்தான், கம்புவுக்கு இடது பக்கம் ரேடியோ. போன கோடையில் ஒரு நாள் லோடு இறக்கி முடித்து உடம்பெல்லாம் தூசியாக இருக்கிறது என்று குளிக்கப் போனார்கள், ஊருக்கு வெளியே கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட குவாரி ஒன்று இருக்கிறது, மழைத் தண்ணீர் நின்று பச்சையாகக் கிடக்கும். கம்பு குறுக்குவழியில் இறங்கி முதலில் போய்விட்டான். ரேடியோ டீ குடித்துவிட்டு எதிர்ப்பக்கத்துப் பாறை வழியாக வந்து மேலேயே நின்றிருக்கிறான், கம்புதான் தண்ணிக்குள்ளிருந்து வாடா, இடுப்பளவுதான் இருக்கு என்று கூப்பிட்டிருக்கிறான். கம்பு நின்ற இடத்தில் இடுப்பளவுதான். ரேடியோ குதித்த இடத்தில் அடியே இல்லை. கம்பு முங்கி முங்கித் தேடியிருக்கிறான், கடைசியில் தீயணைப்புக்காரர்கள் வந்துதான் உடலை எடுத்தார்கள். அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், நீ சின்னவளுக்குக் காய்ச்சல் என்று தவித்துக்கொண்டிருந்தாய், சொல்லவில்லை.

அதற்கப்புறம் கம்பு வெகுநாள் வரவில்லை. வரமாட்டான் என்றே முடிவு கட்டிவிட்டோம். ஒரு சாயங்காலம் வந்தான், யாரிடமும் பேசாமல் அதே பெஞ்சில் அதே இடத்தில் இடது பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவு விட்டு உட்கார்ந்தான். அறை நிரம்பி வழிகிற நாளில் கூட யாரும் அந்த இடத்தில் போய் உட்காரவில்லை. ஒரு வாரம் போகட்டும் என்று விட்டுவிட்டு அவனைப் படிக்கச் சொன்னேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான், கழுத்தை இடது பக்கம் லேசாகச் சாய்த்தான், அப்படியே நின்றான். அவன் எதற்கோ காத்திருந்தான். கீழே மிஷின் கூட ஓடவில்லை, வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. உன்னிடம் சொல்வதற்கென்ன, நானும் காத்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ வரப்போகிறது என்றே நின்றேன். அப்புறம்தான் புரிந்தது, அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. இத்தனை நாளும் ரேடியோ உதடு அசையாமல் அடுத்த வார்த்தையை முணுமுணுப்பான், கம்பு அதை உரக்கச் சொல்லுவான், எழுதுவதையும் ரேடியோ எழுதுவதைப் பார்த்துப் படம் மாதிரி வரைந்துவிடுவான். நிறுத்தி நிறுத்திப் படிக்கிறானே, சுபாவம் அப்படி என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

பிள்ளைகளுக்குள் பேச்சு கிளம்பிவிட்டது, ரேடியோ இன்னும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று. கைக்குழந்தை அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சிரிக்கிறது என்று அதன் அம்மாவே சொல்லி இடத்தை மாற்றிக்கொண்டாள். குழந்தை சுவரைப் பார்த்தும் சிரிக்கும்மா, உளறாதே என்று அதட்டினேன். அதட்டிவிட்டு போர்டில் எழுதத் திரும்பினால் முதுகில் யாரோ பார்க்கிற மாதிரி இருக்கும். எழுதிக்கொண்டே இருக்கும்போது பின்னால் முணுமுணுவென்று கேட்கும், திரும்பினால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பார்கள். அப்பாவிடம் சொன்னேன், கண் ஆபரேஷன் எனக்கு, காது ஆபரேஷன் உனக்கா என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

கம்புவை மட்டும் வகுப்புக்கு முன்னாலேயே வரச்சொல்லித் தனியாக ஆரம்பித்தேன். மூளை நல்ல மூளை, எழுத்துகளைச் சடசடவென்று பிடித்துக்கொண்டான். ஆனால் எழுத்துகளைச் சேர்த்து வார்த்தையாக்குகிற இடத்துக்கு வந்தால் நின்றுவிடுவான். தெரியும், நாக்கு நுனி வரை வந்துவிடும், சொல்லமாட்டான். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது, வாயில என்ன கொழுக்கட்டையா, சொல்லேன் என்று கத்திவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், இன்னும் அவன்தான் டீச்சர் சொல்றான், நானே படிச்சிட்டா அவன் பேசறத நிறுத்திடுவான். எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ சமாதானம் சொல்லியிருக்கிறேன், இதற்கு எனக்கு ஒன்றும் வரவில்லை. சாக்பீஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தேன்.

இது எப்படியோ ரேடியோவின் அம்மா காதுக்குப் போய்விட்டது. அவள் துணி வெளுக்கிற கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள், கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. வேலை முடிந்த கையோடு படியேறி வந்தாள், சண்டைக்குத்தான் வருகிறாள் என்று பயந்தேன். அவள் நேரே கம்புவிடம் போய், உன்கிட்ட பேசறானாமே, என்னடா சொல்றான் என்று கேட்டாள். கோபமே இல்லை அந்தக் குரலில், பசி மாதிரி இருந்தது. என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டானா என்றாள். கம்பு அவளை நிமிர்ந்து பார்க்காமல், இல்லம்மா, அடுத்த வார்த்தைய மட்டும்தான் சொல்றான் என்றான். அவள் அவன் தலையில் கை வைத்து, போதும்டா, அவனும் எவ்வளவு நாளைக்குத்தான் சொல்லிக்கிட்டே இருப்பான், அவனுக்கும் வாய் வலிக்காதா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். எனக்கு வராத பதில் அவளுக்கு வந்தது, பெற்றவள் அல்லவா.

அதற்கு மறுநாளிலிருந்து கம்பு படிக்க ஆரம்பித்தான். பஸ்ஸில் இருப்பது, சுவரில் இருப்பது, டயரில் இருப்பது, மூட்டையில் அச்சடித்தது எல்லாம் படித்துவிட்டு வந்து ஒப்பிப்பான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் ஒரு நாள் கேட்டான், குவாரிக்கு இறங்குற குறுக்குவழியில ஒரு போர்டு இருக்கே டீச்சர், அதுல என்ன எழுதியிருக்கு. அது என்னவென்று ஊரில் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ரேடியோ அந்த வழியாக வரவில்லை, வந்திருந்தால் படித்திருப்பான். பழைய போர்டுப்பா, எழுத்தெல்லாம் அழிந்திருக்கும் என்று மழுப்பினேன். அவன் என்னையே பார்த்தான். பரவால்ல, நானே படிச்சுக்கறேன், தனியா போக பயமா இருக்கு, நீங்க கூட மட்டும் வாங்க என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். அப்பாவிடம் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொன்னேன். முள்செடிகளுக்கு நடுவில் சரிகிற மண்பாதை, பாதி வழியில் துருப்பிடித்த தகரப் பலகை, அதற்குக் கீழே தண்ணீர். அவ்வளவு அமைதியான தண்ணீரை நான் பார்த்ததில்லை. அவன் பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்தான். ஆழம் அதிகம். இறங்காதீர்கள். படித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான், அன்னைக்கு என் சட்டைய இதுலதான் மாட்டிட்டு இறங்கினேன். நான் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். உன் தப்பு இல்லப்பா, உனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்காதவங்க தப்பு என்று என்னென்னவோ சொன்னேன், எதுவும் அவனிடம் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. கடைசியில், இப்பவும் அவன்தான் சொன்னானா என்று கேட்டேன். இல்ல டீச்சர், யாரும் சொல்லல, நானே படிச்சேன் என்றான். சொல்லிவிட்டு அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான். அவ்வளவு உயரமான பிள்ளை மடங்கி உட்கார்ந்தால் எவ்வளவு சிறியதாகிவிடுகிறது தெரியுமா.

அதன்பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. வீட்டிலும் இல்லை, மார்க்கெட்டிலும் இல்லை. நீ போன் செய்தது அப்போதுதான். ஒரு குழியிலிருந்து ஏற்றுவதாக நினைத்து நானே இன்னொரு குழிக்குள் தள்ளிவிட்டேனோ என்று சோறு இறங்கவில்லை எனக்கு, குரல் எப்படி நன்றாயிருக்கும். எழுத்து தெரியாமல் இருந்திருந்தால் அது அவனுக்கு வெறும் சட்டை மாட்டுகிற தகரமாகவே இருந்திருக்கும். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் கூட எழுந்துபோய் மூடினேன்.

நேற்று முன்தினம் டயர் கடைக்காரர் என்னைக் கீழே கூப்பிட்டார். உங்க ஒட்டடைக்கம்பு வந்து என்கிட்ட பாதி டப்பா சிவப்பு பெயிண்டும் ஒரு பிரஷும் வாங்கிட்டுப் போனான், எதுக்குன்னு கேட்டா முழிக்கிறான் என்றார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது, குவாரிக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். போர்டில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தான். அலை மாதிரி ஒரு கோடு, அதற்கு மேல் ஒரே ஒரு கை, விரல்கள் விரிந்தபடி. பக்கத்தில் ரேடியோவின் அம்மா பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாளும் அவள் வீட்டில்தான் இருந்திருக்கிறான், அவள்தான் சாப்பாடு போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கம்பு, எழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிட்டா படிக்கத் தெரியாதவனுக்கு எப்படி டீச்சர் தெரியும் என்று கேட்டான். குற்றம் சொல்வது போல இல்லை, நிஜமாகவே கேட்டான். அந்தக் கையை நான் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு யாரும் அங்கே சட்டையைக் கழற்றமாட்டார்கள்.

நேற்று வகுப்புக்கு வந்துவிட்டான். படிக்கச் சொன்னேன், கழுத்தைச் சாய்க்காமல் படித்தான், தப்பும் தவறுமாக ஒரு பக்கம் முழுக்க. இந்தத் தடவை வருஷக் கடைசிப் பரீட்சையில் தேறமாட்டான், எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், அடுத்த தடவைக்கு என்று இப்போதே சொல்லிவிட்டான். ஆகவே அடுத்த வருஷம் வரைக்கும் என்னை வரச்சொல்லி நச்சரிக்காதே. அவன் காதில் இப்போது ரேடியோ பேசுவதில்லையாம். ஆனால் நேற்று ஒரு சின்னப் பெண் புத்தகத்தோடு எழுந்து வார்த்தை தெரியாமல் திணறி நின்றபோது கடைசி பெஞ்சிலிருந்து அந்த வார்த்தை மெதுவாக எனக்குக் கேட்டது. கம்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன், அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிடாதே. எனக்குப் பயமாக இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல், மனக்கவலை இல்லாமல் நிறைவாக வாழவேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒன்றே ஒன்று, சின்னவள் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நீச்சல் வகுப்பை நிறுத்திவிட்டதாகச் சொன்னாயே, அழுதாலும் பரவாயில்லை, மறுபடி சேர்த்துவிடு. சேர்த்ததும் எனக்குப் போன் பண்ணிச் சொல்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா