சீனாவை வலமாகச் சுற்றச் சொன்ன அக்காவுக்கு

என் சரோஜா அக்காவுக்கு,

பாசத்தோடும் கொஞ்சம் பயத்தோடும் செல்வி எழுதிக்கொள்வது. நீ போய் ஒரு வருஷம் முடிந்து, திதியும் கொடுத்தாயிற்று. வருகிற வியாழக்கிழமை நான் சீனாவுக்குப் புறப்படுகிறேன். சிரிக்காதே. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நீ இல்லாமல் போகிறேன். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளாமல் என்னால் விமானம் ஏற முடியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம். ஊரே படித்தாலும் படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு நாம் யார் என்று சொல்லிவிடுகிறேனே. அண்ணனை நீ கட்டிக்கொண்டாய், தம்பியை நான் கட்டிக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் ஒரே அடுப்படி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில், நம்முடைய டிபன் கடை. பௌர்ணமி வந்தால் நமக்கு உட்கார நேரம் கிடையாது. உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் நம் மலையைச் சுற்ற வருகிறார்கள், நாம் சென்னையைத் தாண்டிப் போனதில்லை என்று நீதான் அடிக்கடி சொல்வாய்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு ஒருநாள் போனில் ஒரு வீடியோ வந்தது. சீனாவில் ஏதோ ஒரு ஊர்ப் பூங்கா. விடிகாலையில் ஐம்பது, அறுபது பெண்கள் வரிசையாக நின்று பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள். எல்லாருக்கும் நம் வயசு, சிலருக்கு நம்மைவிட ஜாஸ்தி. நீ மாவுக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாய்.

“இதப் பாருடி. தொப்பையும் தொந்தியுமா ஆடுறாளுங்க. ஒருத்தனும் இன்னான்னு கேக்கல. இத நேர்ல பாத்தே ஆவணும்.”

எல்லாரும் பெருஞ்சுவரைப் பார்க்கத்தான் சீனாவுக்குப் போவார்கள். நீ பூங்காவில் பெண்கள் ஆடுவதைப் பார்க்கக் கிளம்பினாய். அதற்கப்புறம் கடையில் சாப்பிட்டுப் போகிறவர்களுக்கெல்லாம் “ஷியே ஷியே” என்று சீனத்தில் நன்றி சொல்ல ஆரம்பித்தாய். செங்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பயந்துபோய் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனது ஞாபகம் இருக்கிறதா?

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டிராவல்ஸில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் நாம் போன நாளை நான் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன். அவள் காகிதத்தில் சீனாவைப் படம் போட்டு, முதலில் பெய்ஜிங், அப்புறம் சியான், கடைசியில் ஷாங்காய் என்று கோடு இழுத்தாள். நீ அந்தக் கோட்டின் மேலேயே விரலை ஓட்டிப் பார்த்தாய். முகம் மாறிவிட்டது.

“இன்னாம்மா இது, இடப்பக்கமா சுத்துது?”

“எல்லாருமே இப்டித்தாம்மா போவாங்க. இதான் சௌகரியம்.”

“மலைய யாராச்சும் இடப்பக்கமா சுத்துவாங்களா?”

“அது மலைம்மா. இது சைனா.”

“எதச் சுத்துனாலும் வலமாத்தான் சுத்தணும். நாங்க அடி அண்ணாமலை. மாத்திப் போடு.”

அந்தப் பெண் மாற்றிப் போட்டாள். பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய், ஷாங்காயிலிருந்து சியான், திரும்பவும் பெய்ஜிங். ரயிலில் அரை நாள் கூடுதலாகும் என்று சொல்லிப் பார்த்தாள். பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிறோம், ரயிலில் உட்கார்ந்து போக வலிக்குமா என்று நீ கேட்டாய். தேதியும் நீதான் குறித்தாய். ஐப்பசிப் பௌர்ணமி முடிந்த மறுநாள் கிளம்பி, தீபத்துக்குக் கொடியேறும் முன் திரும்பி வந்துவிட வேண்டும். இரண்டு பௌர்ணமிக்கு நடுவே இருபத்தொன்பது நாள் இருக்கிறதே, நமக்குப் பன்னிரண்டு நாள் போதும் என்றாய்.

உனக்குப் பாஸ்போர்ட் முதலிலேயே கிடைத்துவிட்டது. எனக்குத்தான் வர வேண்டியிருந்தது.

வந்துவிட்டது, அக்கா. நீ உயிரோடு இருந்தபோதே, ஆடி மாதத்திலேயே வந்துவிட்டது. தபால்காரர் கடைக்கு வந்தபோது நீ மாவு மில்லுக்குப் போயிருந்தாய். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வாங்கினவள் நேராக உள்ளே போய், பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் சொருகிவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? பயம்தான். சென்னையில் அந்தப் பெரிய கடையில் நகரும் படிக்கட்டைப் பார்த்துவிட்டு நான் ஏறமாட்டேன் என்று அழுதேனே, அந்தப் பயம். நீ எங்கே போனாலும் யாரோடாவது சிரித்துப் பேசி உட்கார்ந்துவிடுவாய். நான் உன் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பேன். ஆகாயத்தில் போகும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? பாஷை தெரியாத ஊரில் உன்னைத் தவறவிட்டுவிட்டால் யாரிடம் கேட்பது? இதையெல்லாம் சொன்னால் நீ கேலி செய்வாய் என்று நினைத்தேன். நாளைத் தள்ளினால் உனக்கே ஆசை தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு மட்டமான புத்தி பார்.

வெள்ளிக்கிழமை தோறும் வாசல் தெளிக்கும்போது கேட்பாய், “வந்துச்சாடி?”

“இல்லக்கா. போலீஸ் விசாரணையே இன்னும் முடியலயாம்.”

ஒருநாள், வேங்கிக்காலுக்குப் போய் போலீஸ் ஆபீஸில் நானே கேட்டுவிட்டு வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியேவிட்டாய். நான் தெருமுனை வரை ஓடிவந்து உன்னைத் திருப்பி அழைத்துவந்தேன். வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது, தலை சுற்றும் என்றேன். நீ திரும்பி வந்து வெங்காயம் உரித்தாய்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, சட்னி தாளித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவில் உன் தலை என் மடியில்தான் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாமி பெயரைச் சொன்னேன், உன் பிள்ளைகள் பெயரைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. பதினோராம் நாள் புடவை எடுக்க பீரோவைத் திறந்தபோது அந்த நீல அட்டை கையில் பட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் சாவுக்குத்தான் அழுகிறேன் என்று எல்லாரும் தேற்றினார்கள்.

அப்புறம் எப்படிக் கிளம்பினாய் என்று கேட்பாய். கிளப்பிவிட்டது உன் கொழுந்தன்தான். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணி ஆசைப்பட்ட ஊரை நீயாவது பார்த்துவிட்டு வா என்றார். துக்க வருஷத்தில் ஊர் சுற்றவா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். திதி கழியட்டும் என்று காத்திருந்தேன். டிராவல்ஸ் பெண் பன்னிரண்டு பேரைச் சேர்த்திருக்கிறாள், பாதிப் பேர் நம் ஊர், மீதி வேலூர். வலமாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். நம் ஊர்க்காரர்கள் அதுதானே முறை என்றார்களாம். வேலூர்க்காரர்கள் எதற்கு வம்பு என்று ஒத்துக்கொண்டார்களாம். உன்னால் ஒரு பஸ் கூட்டமே சீனாவை வலம் வரப்போகிறது.

உனக்குப் பிடிக்கிற சேதி இன்னும் இருக்கிறது. அங்கே ரயிலிலேயே வெந்நீர்க் குழாய் உண்டாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கட்டி வைத்துவிட்டேன். நாம் வழக்கமாகப் பேசுகிற போன் வசதி அங்கே வேலை செய்யாதாம், அதற்கு டிராவல்ஸ் பெண் வேறு சிம் கார்டு வாங்கித் தந்திருக்கிறாள். பெய்ஜிங்கில் ஐப்பசி, கார்த்திகையில் நம் மார்கழியெல்லாம் விளையாட்டு என்கிற அளவுக்குக் குளிருமாம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். உன் கொழுந்தன் மூட்டை என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை விசா ஒட்டின பாஸ்போர்ட் கைக்கு வந்தது. மாமா, உன் வீட்டுக்காரர்தான், மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீ போனபின் அவர் எதையும் வாயைத் திறந்து கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்.

“குடும்மா, சீனாக்காரன் இன்னா ஒட்டியிருக்கான்னு பாக்கலாம்.”

முதல் பக்கத்தில் என் படத்துக்குப் பக்கத்திலேயே பாஸ்போர்ட் கொடுத்த தேதி இருக்கிறது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறவர். அவர் புரட்டும் முன்பே சொல்லிவிட்டேன்.

“மாமா, அது போன வருஷம் ஆடியிலயே வந்துடுச்சு. நான்தான் மறைச்சேன். அக்காகிட்ட பொய் சொல்லிட்டேன் மாமா. கடைசி வரைக்கும் அவங்கள ஏமாத்திட்டேன்.”

அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவளுக்குத் தெரியும்மா.”

“இன்னா மாமா சொல்றீங்க?”

“வந்த அன்னிக்கே தெரியும். மில்லுகிட்ட தபால்காரரு பாத்து, உங்க தங்கச்சிக்கு பாஸ்போர்ட் வந்துடுச்சு, எப்போ கிளம்புறீங்கன்னு கேட்டாராம். என்கிட்ட வந்து சொன்னா. போய் கேளேன்னேன். கேட்டா அவ கூசிப்பூடுவா, பயந்துகினு இருக்கா, அவளா எடுத்துகினு வரட்டும், எனக்கு இன்னா அவசரம்னா.”

அக்கா, அந்த இடத்தில் நான் எப்படி அழுதேன் என்று எழுதமாட்டேன். மாமாவும் அழுதார். கடைக்கு வந்த ஒருத்தர் டீ கேட்காமலே திரும்பிப் போனார்.

அப்படியானால் ஆடி முதல் புரட்டாசி வரை வெள்ளிக்கிழமை தோறும் கேட்டாயே, எல்லாம் தெரிந்துதானா கேட்டாய்? நான் சொல்லிவிட ஒரு வழி விட்டுக்கொண்டே இருந்தாயா? குடையைத் தூக்கிக்கொண்டு வேங்கிக்காலுக்குக் கிளம்பினதும் நாடகம்தானா? அடி கள்ளி. ஒரு தடவை என் கன்னத்தில் ஒன்று வைத்து, எடுடி என்று சொல்லியிருக்கக் கூடாதா? நீ கேலி செய்வாய் என்று நான் பயந்தேன். நீயோ என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய். நான் உன்னை இருபத்தாறு வருஷத்தில் சரியாகப் புரிந்துகொள்ளவே இல்லையா?

பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அதை ஒளித்து வைத்ததால் நான் எதை இழந்தேன் என்று எனக்குத் தெரியும்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை விமானத்தில் என் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சரி, ஆணோ பெண்ணோ, தமிழோ சீனமோ, வெட்கப்படாமல் சொல்லிவிடுவேன், “எனக்கு ரொம்ப பயமா இருக்குதுங்க, உங்க கையக் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா?” என்று.

உன்னிடம் கேட்கத் தெரியாமல் போன உன் ஓரகத்தி,
செல்வி
அடி அண்ணாமலை